அந்தோணி போட்ட குட்டிகள்

பேத்தி பூனைக்குட்டி ஒன்றைத் தூக்கி வந்தாள். "பொட்டையா இருந்தா வூட்டுல வேணாம், குட்டியா போட்டுத் தள்ளும்" என்றான் என் மகன்.

என் சின்ன வயதில், கல்மண்டபத்து வீட்டுக்கு நான் ஒரு குட்டியைக் கொண்டுவந்தபோது அப்பாவும் இதையேதான் சொன்னார். குட்டியை மடியில் இறுக்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டு கதீஜா பெரியம்மாதான் வாலைத் தூக்கிப் பார்த்து, "கடுவன்தான் நைனா" என்றார். அந்தோணி என்று பேர் வைத்தோம்.

மழைக்காலத்தில் அந்தோணி அப்பாவின் மீன்வலைமேல் நாலு குட்டி போட்டது.

"இன்னாக்கா, உன் கடுவன் புள்ள பெத்துகினு கீது?"

"வயசாச்சில்ல நைனா, கண்ணு தெரில" என்று பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்பா வேறொரு வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார்.

வாலுக்கடியில் இரண்டு துளையும் ஒட்டியிருந்தால் பொட்டை என்று பெரியம்மா பிறகு காட்டினார். எனக்காகப் பொய் சொன்ன புண்ணியவதி.

பேத்தியின் குட்டியை வாங்கிப் பார்த்தேன். ஒட்டித்தான் இருந்தது.

"கடுவன்தான்பா" என்றேன்.