கத்தி நுழையாத வீடு

காகம் கரைவதற்கு முன்னே ராமலட்சுமி கொல்லைக்கு வந்துவிடுகிறாள். துவைகல்லின் மேல் உள்ளங்கை அகலக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, இடுப்பிலிருந்து முள்வாங்கியை எடுக்கிறாள். கருவேல முள் சிந்திக் கிடக்கிற சீமையில் முள்வாங்கி இல்லாத வீடு ஏது? பந்தல்குடியில் எல்லோருக்கும் அது காலுக்கு. இவளுக்கு மட்டும் மேலுதட்டுக்கு.

நன்றாக விடிந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடுவாள். விடியாவிட்டால் முடி கண்ணுக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்கியாக வேண்டும். கண்ணில் தண்ணீர் முட்டும். அழுகிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். அழுததெல்லாம் கல்யாணமான புதிதில். இப்போது இது பல் விளக்குவது மாதிரி ஒரு வேலை. "நாளைக்கும் வந்து நிக்கப் போற சனியந்தானே" என்று முனகிக்கொண்டே உதட்டில் எண்ணெயைத் தொட்டுத் தடவிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவாள்.

தூத்துக்குடிச் சாலையோரத்தில் அவர்கள் கடை. கருப்பட்டி, வத்தல், சீயக்காய், யுத்தத்தின் புண்ணியத்தில் சொட்டுச் சொட்டாக அளக்கிற மண்ணெண்ணெய். புருஷன் தனுஷ்கோடி சரக்கெடுக்க அருப்புக்கோட்டைக்குப் போகிற நாளெல்லாம் இவள்தான் கடையில். முந்தானை நுனி எப்போதும் வாயருகே இருக்கும். பேச்சு அதற்குள்ளிருந்துதான் வரும். பல்வலிக்காரி என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரொம்ப அடக்கமான பொம்பளை என்று சிலர். அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! கடன் சொல்லுகிறவனை அவள் வாங்கு வாங்கென்று வாங்குவதைக் கேட்க வேண்டும்.

அந்தக் கடையில் கிடைக்காத சாமான் ஒன்று உண்டு. லாரிக்காரன் எவனாவது தாடையைச் சொறிந்தபடி வந்து, "பிளேடு இருக்கா தாயி?" என்று கேட்டால் போதும், அவளுக்கு முகம் மாறிவிடும்.

"அந்த எழவெல்லாம் இங்க விக்கிறதில்ல. டவுனுக்குப் போங்க."

"வார ஆளுகள வெரட்டுறியே புள்ள, நீ யாவாரத்துக்கு உக்காந்திருக்கியா, காவலுக்கு உக்காந்திருக்கியா?" என்று தனுஷ்கோடி தலையில் அடித்துக்கொள்வார். யுத்தம் வந்த பிறகு பிளேடு எங்குமே கிடைப்பதில்லை. அதனால் அந்தச் சண்டையும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. வீட்டிலும் சவரக் கத்தி கிடையாது. சவரம் என்றால் அவர் சத்திரத்துப் புளியமரத்தடி நாவிதரிடம்தான் போக வேண்டும். இது அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷத்திலேயே போட்ட சட்டம்.

காரணம் பழையது. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம், மேலுதட்டில் வெண்டைக்காய்ச் சுனை மாதிரி லேசாக என்னவோ தட்டுப்பட்டது அவளுக்கு. அப்பாவின் சவரக் கத்தி கூரை இடுக்கில் செருகியிருந்தது. யாருமில்லாத நேரம் பார்த்து எடுத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். அம்மா பார்த்துவிட்டாள். "அடி பாவி! பொம்பளப் புள்ள மூஞ்சியில கத்தி வைப்பாளா? இனிமே தடிச்சுத்தான் வரும், போ!"

மறுபடி முளைத்தபோது தொட்டால் சொரசொரவென்று குத்தியது. அம்மா சொன்னது பலித்துவிட்டது என்று நடுங்கிப் போனாள். வயது ஏற ஏற அது கறுத்தது, பரவியது. மாமியார்க்காரி தன் கடைசி நாள் வரை "கத்தி வச்ச மூஞ்சி" என்றே கூப்பிட்டாள். ராமலட்சுமி எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது? "எந் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டேன்" என்பாள், கண்ணாடியிடம்.

தனுஷ்கோடியின் கதை இதற்கு நேர் எதிர். இளவட்டத்தில் அவருக்கு மீசை அரும்பவில்லை. சிரைக்கச் சிரைக்கத் தடித்து வரும் என்று யாரோ சொல்ல, அன்றைக்குப் பிடித்த பழக்கம். இன்றைக்கும் புதன்கிழமை தவறாமல் புளியமரத்தடியில் முகத்தை நீட்டிக்கொண்டு, "அழுத்திப் போடப்பா, வேரு முழிச்சுக்கட்டும்" என்பார். தலை நரைத்துவிட்டது, வேர் முழிக்கவில்லை. உதடு கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்கிறது. கத்தி பட்டதால்தான் வந்தது என்று இவளும், கத்தி பட்டால் வந்துவிடும் என்று அவரும், எதிரெதிரே உட்கார்ந்து இத்தனை வருஷம் கம்மங்கூழ் குடித்திருக்கிறார்கள். ஒருவர் உதட்டைப் பார்த்து இன்னொருவருக்கு ஒரு சந்தேகம் வந்ததில்லை. என்னத்தைச் சொல்ல!

போன தையில்தான் அந்தச் சந்தேகம் வந்தது. மகள் கோகிலா முற்றத்தில் வத்தல் காய வைத்துக்கொண்டிருந்தவள், பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன எதற்கோ சிரித்தாள். சிரிக்கும்போது கை தானாகப் போய் வாயை மூடிக்கொண்டது. ராமலட்சுமி அதைப் பார்த்துவிட்டாள். அந்தப் பெண் போனதும் மகளைத் தரதரவென்று வெளிச்சத்துக்கு இழுத்து வந்து, கையைத் தட்டிவிட்டுப் பார்த்தாள். இருந்தது. அதே சுனை, அதே இடம். பளாரென்று ஓர் அறை விட்டாள்.

"கத்தி வச்சியாடி?"

"இல்லம்மா."

"பொய் சொன்னா தோல உரிச்சிருவேன்."

"நம்ம வீட்டுல கத்தி ஏதும்மா?" என்று அழுதுகொண்டே கேட்டாள் கோகிலா.

அன்று ராத்திரி கூழ் ஊற்றும்போது ராமலட்சுமி புருஷனின் மொட்டை உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ள, இன்னைக்கித்தான் புதுசாப் பாக்குறியா?"

"ஒண்ணுமில்ல. குடிங்க."

கோபம் வரவில்லை அவளுக்கு. அலுப்புதான் வந்தது, எலும்பு வரைக்கும் அலுப்பு. கத்தியால் வந்ததில்லை என்றால், செய்யாத குற்றத்துக்கு இத்தனை வருஷம் தன்னைத் தானே வைதுகொண்டிருந்தாளே, அந்த வசவையெல்லாம் இனி யாரிடம் போய்த் திருப்பி வாங்குவது?

மாசியில் பாலவனத்தத்திலிருந்து கோகிலாவைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. முந்தின நாள் மகள் முள்வாங்கியோடு வந்து நின்றாள். "எனக்கும் பிடுங்கி விடும்மா."

"வேணாம்."

"அவுக பாத்துட்டா?"

"பாக்கட்டும்."

மறுநாள் காலையில் ராமலட்சுமி கொல்லைக்குப் போனாள். கண்ணாடியைச் சாய்த்தாள். முள்வாங்கியை எடுத்தாள். பிறகு ஒரு முடியைக்கூடத் தொடாமல் இரண்டையும் கொண்டுபோய் அடுப்படி மாடத்தில் போட்டுவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா முத்துமாரியம்மாள் விவரமான பொம்பளை. பெண்ணுக்குப் பூ வைக்கிற சாக்கில் கன்னத்தை வழித்தாள். கட்டைவிரல் மேலுதட்டருகே வந்ததும் நின்றது. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"ஏம் மதினி, புள்ள அறியாம கத்தி கித்தி வச்சிருச்சோ? வச்சா தடிச்சுப் போகுமே."

கோகிலாவின் தலை முழங்காலைத் தொடுகிற மாதிரி குனிந்தது. தனுஷ்கோடி இருமினார். "ஆமா, சின்னப் புள்ள, தெரியாமச் செஞ்சிட்டா" என்று ஒரு வார்த்தை சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். சம்பந்தமும் நிலைக்கலாம். ஆனால் "கத்தி வச்ச மூஞ்சி" என்கிற அந்தப் பெயர் மகள் மேல் ஒட்டிக்கொண்டு போகும். அங்கே ஒரு மாமியார் வாயில் தினமும் விடியும். அது எப்படி விடியும் என்று ராமலட்சுமிக்குத் தெரியும்.

"எம் புள்ள கத்திய கண்ணால கண்டதில்ல மதினி."

"பெறகு எப்படி வந்துச்சாம்?"

ராமலட்சுமி வாயருகே இருந்த முந்தானை நுனியை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகினாள். நிலைப்படியைத் தாண்டி வெயில் விழுந்துகொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"இந்தா, நல்லாப் பாருங்க" என்று முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.