மாமா பார்த்த ஒரு நடை

மலைகளுக்கு நடுவே மேகத்துக்குள் விமானத்தை இறக்குகிறவனுக்கு முன்கண்ணாடி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவன் நம்ப வேண்டியது எதிரே கருவிகளில் நடுங்கும் நாலைந்து முட்களை. செய்கிற வேலையைப் பெண் வீட்டாருக்கு விளக்கப் போய் மாட்டிக்கொண்ட அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

பெண் கேட்ட இடத்தில்

ஐம்பதுகளின் கடைசியில் நான் வடகிழக்கு மலைப் பக்கம் டக்கோட்டா விமானம் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். மாமன் மகள் சரசுவைத் தவிர வேறு பெண்ணை நான் நினைத்ததே இல்லை. மாமா சங்ககிரியில் லாரி வைத்திருந்தார். "மேகத்துக்குள்ள வழி எப்படீங்க தெரியும்?" என்றார். தெரியாது, முள்ளைப் பார்த்து இறங்குவோம் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து மலைப் பாதையில் ஒரு நடை பார்க்காமல் எந்த டிரைவரிடமும் அவர் வண்டியைக் கொடுத்ததில்லை. "வண்டிக்கே அப்படீன்னா புள்ளைக்கு உட்ருவனுங்களா? நானும் வாரேன் மாப்ளே, ஒரு நடை பாத்துப்போட்டுத்தான் பேச்சு."

வளைவில்

சொன்னபடியே வந்துவிட்டார். அந்தக் காலத்தில் கேப்டன் சரி என்றால் போதும், கேப்டன் நான்தான். எனக்கும் துணை விமானிக்கும் பின்னால் மடக்கு இருக்கையில் உட்கார வைத்தேன். மலை உச்சிகளில் வெயில், கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. உள்ளே நுழைந்ததும் கண்ணாடி வெளுத்துப் போனது.

இடமும் வலமும் மலை இருக்கிறது என்று தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அப்போது உடம்பெல்லாம் விழித்துக்கொள்ளும். அந்தச் சுகத்துக்காகவே இந்த வேலையில் இருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது? முள் காட்டிய பக்கம் விமானத்தைச் சாய்த்துத் திருப்பினேன். மாமா என் தோளைத் தட்டினார். "வளைவுங்க மாப்ளே! ஹாரன் அடிங்க!"

இறங்காத இறக்கம்

ஒரு குறிப்பிட்ட உயரம்வரை இறங்கலாம். அதற்குள் ஓடுபாதை தெரியாவிட்டால் மேலே போய்விட வேண்டும், அதுதான் விதி. அந்த உயரம் வந்தது. வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினால் தெரிந்துவிடும் என்று மனசு கெஞ்சியது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் சரசுவின் அப்பா ஆயிற்றே. ஆனாலும் கை விதிப்படி இன்ஜினுக்கு முழு வேகம் கொடுத்தது. மேலே ஏறி, புறப்பட்ட ஊருக்கே திரும்பினோம்.

சரசு கைவிட்டுப் போனாள் என்றே வழி நெடுக நினைத்தேன். தரையிறங்கியதும் பயணி ஒருவர் வேலை கெட்டது என்று என்மேல் பாய்ந்தார். மாமா என்னைத் தனியே இழுத்துப் போனார். "என்றகிட்ட வந்த டிரைவரெல்லாம் எப்படியும் கொண்டுபோய்ச் சேத்திருவேம்பானுங்க. முடியாதுன்னு திருப்புனவரை இன்னைக்குத்தான் பாக்கறேன். தை மாசத்துல நாள் பாத்தர்லாமுங்க."

ஏற்காட்டு வழியில்

கல்யாணமான புதிதில் மாமா தன் காரில் எங்களை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனார். பாதி மலையில் மூடுபனி. அவர் ஹாரனை அடித்தபடி, வேகத்தைக் குறைக்காமல் ஏறினார். கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, திரும்பிவிடலாம் மாமா என்றேன். பின்னாலிருந்து சரசு சிரித்தாள். "மெதுவாப் போங்கப்பா, இவருக்கு ரோடு இருந்தாத்தான் பயமுங்க."

அவர் என் நடையைப் பார்த்தது கல்யாணத்துக்கு முன்னால், நான் அவர் நடையைப் பார்த்தது கல்யாணத்துக்குப் பின்னால். அந்த மட்டில் நான் ஏமாந்தவன்தான்.