எஸ்தர் சொன்ன செபமாலை

எஸ்தரும் நானும் மீன் கம்பெனியில் இறால் உரிக்கிறவர்கள். நான் கத்தோலிக்கம், அவள் பெந்தெகொஸ்தே சபை. சோற்றைப் பங்கு போட்டுத் தின்போம். செபம் என்று பேச்சு வந்தால் மட்டும் சண்டைதான். “ஏளா, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னா அது ஜெபமா?” என்பாள். “நீ போடுத சத்தத்துக்கு ஆண்டவரு காதப் பொத்திக்கிடுவாரு” என்பேன்.

ஒரு நாள், காலையில் திரும்ப வேண்டிய என் கணவரின் வள்ளம் மதியமாகியும் வரவில்லை. காற்று மணலை வாரி அடித்தது. கூடப் போன மற்ற வள்ளங்கள் எல்லாம் கரையேறிவிட்டன. கடைசியாக வந்தவர், “எஞ்சின் நின்னு, வள்ளத்த நீரோட்டம் தெக்க இழுத்துட்டுப் போனதப் பாத்தேன். பெறவு காணல” என்றார்.

செபமாலையைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த எஸ்தர் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்தமாக ஜெபிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ என் மாலையைப் பிடித்துக்கொண்டு, “அருள் நிறைஞ்ச மரியே, ஆண்டவர் உம்மோட... பெறவு என்னளா?” என்றாள்.

“‘மரியே’ன்னதும் ‘வாழ்க’ன்னு சொல்லணும்” என்றேன். சொன்னதும் அழுகை வந்தது. அழுகையோடு செபமும் வந்தது. அவள் தப்பும் தவறுமாகச் சொல்லச் சொல்ல, நான் திருத்திக்கொண்டே மாலையை முடித்தேன்.

சாயங்காலம் வேறொரு வள்ளம் என் கணவரின் வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தது.

அதற்குப் பிறகு எஸ்தர் செபமாலையைத் தொட்டதில்லை. எங்கள் சண்டையும் ஓயவில்லை. ஆனால், தான் ஏற்காத வார்த்தைகளை ஒருத்தி எனக்காகச் சொன்னாளே, அதைவிடப் பெரிய செபத்தை நான் கேட்டதில்லை.