வலைக்குப் பின்னால் கேட்ட வார்த்தை

இது நடந்தது. எனக்கே நடந்தது. குடித்திருந்தாயா, தூக்கக் கலக்கமா, தலையில் அடிபட்டதா என்று எல்லாரும் கேட்டாகிவிட்டது. மூன்றும் இல்லை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கவே வேண்டாம். எனக்கு அது கேட்டது ஒரு சனிக்கிழமை மதியம், 2.26 மணிக்கு. சிக்கனும் பாஸ்தாவும் சாப்பிட்டுவிட்டுத் தெளிவாகத்தான் இருந்தேன்.

என் பெயர் நீலோ. பின்லாந்துக்காரன். அப்போது வயது இருபது. பென்சில்வேனியாவில் கார்வின் என்ற சின்ன ஊரின் ஐஸ் ஹாக்கி அணிக்குக் கோல்கீப்பராக வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பெரிய லீக் எல்லாம் இல்லை. ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் போய் ஆடி, அதே பஸ்ஸில் குறட்டைக்கு நடுவே திரும்பி வரும் லீக். கோல் தடுப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வாய்தான் பிரச்சினை.

கோல்கீப்பர் கத்த வேண்டும். பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை எடுக்க, வலைக்குப் பின்னால் நம் ஆள் போவான். ஐஸைச் சுற்றி வேலியாக நிற்கும் பலகையைப் பார்த்துக் குனிந்திருப்பான். எதிரி வேகமாக வந்து முதுகில் மோதப்போவது அவனுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். "மேன் ஆன்!" என்று நான் கத்தினால் விலகிக்கொள்வான். எங்கள் நாட்டில் இதற்கு "செல்க்கா!" என்போம். ஆறு வயதிலிருந்து நான் கத்திய வார்த்தை அது. அவசரத்தில் வேறு எதுவும் வாயில் வராது.

புதன்கிழமை பயிற்சியிலும் அதுதான் வந்தது. என் அறைத்தோழன் கெல்லன், கனடாக்காரன், நான் "செல்க்கா!" என்றதும் என்னவோ ஏதோ என்று என்னைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த நொடி பலகையில் மோதிக் கீழே கிடந்தான். தோள் வீங்கிவிட்டது.

"எதுக்குடா என்னைத் திட்டுன?" என்றான்.

கோச் ஹாஸ்கெட் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை மேட்ச்ல அந்த வார்த்தை இன்னொரு தடவை வந்துச்சு, ஞாயித்துக்கிழமை உனக்கு ஃப்ளைட்டு. புரியுதா?"

புரிந்தது. அழுகை வரவில்லை, ரோஷம்தான் வந்தது. ஒரே ஒரு வார்த்தைக்காக என்னை ஊருக்கு அனுப்புவாயா? பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம், எல்லாரும் ஆட்டத்துக்கு முன் தூங்கும் நேரத்தில், நான் மட்டும் அரங்கத்துக்குப் போனேன். அணியின் சாமான்களைக் கவனிக்கும் டெனிஸ் கதவைத் திறந்துவிட்டார். ஆட்டத்தன்று கோல்கீப்பரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அவரும் ஒன்றும் கேட்காமல் துணி துவைக்கப் போய்விட்டார்.

மணி 2.10. பாதி விளக்குகள்தான் எரிந்தன. ஐஸ் புதிதாகத் தண்ணீர் விட்டு, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. நூறு தடவை கத்துவது என்பது என் கணக்கு. பக்கைப் பலகையோரமாக வலைக்குப் பின்னால் தட்டிவிடுவேன். அது வளைந்து அந்தப் பக்கம் வருவதற்குள் "மேன் ஆன்!" என்று கத்துவேன். பிறகு எடுத்து வந்து மறுபடியும்.

ஐம்பத்தெட்டாவது தடவை தட்டினேன். கத்தினேன். பக் அந்தப் பக்கம் வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். வலைக்கு நேர் பின்னால், அசையாமல் நின்றிருந்தது. அது உருண்டு நின்ற மாதிரி இல்லை. யாரோ மட்டையை வைத்து நிறுத்திய மாதிரி இருந்தது.

ஐஸில் ஏதாவது மேடு இருக்கும் என்று நினைத்தேன். மட்டையை நீட்டி இழுத்து மறுபடி தட்டினேன், கத்தினேன். மறுபடி அதே இடத்தில் நின்றது.

இப்போது பக்குக்குப் பக்கத்தில் ஒரு கீறல் இருந்தது. ஸ்கேட்டை அழுத்தி நிறுத்தினால் விழுமே, அந்த மாதிரி. கீறலின் ஓரத்தில் ஐஸ் தூள் குவிந்திருந்தது. நான் அந்தப் பக்கம் போயிருக்கவே இல்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 2.26.

"செல்க்கா...?"

மெதுவாக, ஓர் ஆண் குரல். என் தாய்மொழி. ஆனால் அந்த மொழி தெரியாத வாயிலிருந்து வந்தது. நாக்கு தடுக்கி, கேள்வி கேட்கிற மாதிரி.

"கெல்லன், விளையாடாதடா!" என்றேன்.

கெல்லன் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். பிறகு விசாரித்துவிட்டேன்.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஓடினால் இந்த வலைக்குள் இனி நிற்க முடியாது என்று எனக்குத் தெரியும். நான் ஓடவில்லை. மட்டையால் கோல் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினேன். ணங்... ணங்...

"மேன் ஆன்!" அறுபது.

"மேன் ஆன்!" அறுபத்தொன்று.

"செல்க்கா...?"

இந்த முறை பக்கத்தில் கேட்டது.

வலைக்கு அந்தப் பக்கம்.

என் பின்னங்கழுத்தில் குளிர்ந்த மூச்சு பட்டது.

திரும்பினேன்.

யாரும் இல்லை...

வலையின் கயிறு மட்டும் உள்ளே அமுங்கியிருந்தது. யாரோ முகத்தை வைத்து அழுத்துவது போல.

"செல்க்கா? ... செல்க்கா? ... செல்க்கா?"

பயம் எங்கே போனதோ தெரியாது. கோபம் வந்தது. ஊரே என்னை இந்த வார்த்தையை வைத்து வாட்டியது போதாதா? நீயுமா?

"முதுகு!" என்று இங்கிலீஷில் கத்தினேன். "முதுகுன்னு அர்த்தம்! முதுகுக்குப் பின்னாடி ஆள் வர்றான், விலகுன்னு அர்த்தம்! போதுமாடா? இப்பப் போ! இது என் இடம்!"

கயிறு மெல்லத் தளர்ந்தது.

சர்ர்ர்... யாரோ ஸ்கேட்டில் சட்டென்று திரும்பும் சத்தம்.

டமார்!

பலகை அதிர்ந்தது. மேலே இருந்த கண்ணாடி கடகடவென்று ஆடியது. அங்கே ஒருவரும் இல்லை.

மணி 2.33.

நூறு தடவை கத்துவதாக வந்தவன் நான். அறுபத்தொன்றுதான் ஆகியிருந்தது. மீதி முப்பத்தொன்பதையும் கத்தினேன். முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அன்று மாலை ஆட்டம். கடைசிப் பகுதியில் நான்கு நிமிடம் பாக்கி. இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் முன்னால் இருந்தோம். பக் எங்கள் வலைக்குப் பின்னால் போனது. கெல்லன் குனிந்தான். எதிரணியின் மலைபோன்ற ஒருவன் முழு வேகத்தில் அவன் மேல் வந்தான். என் நாக்கு நுனியில் பழைய வார்த்தைதான் வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

"மேன் ஆன்!"

தொண்டை கிழிந்துவிட்டது. கெல்லன் விலகினான். வந்தவன் வெறும் பலகையில் மோதினான். ஜெயித்துவிட்டோம். கோச் என் தலைக்கவசத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். என்னைப் பொறுத்தவரை ஃப்ளைட் ரத்து.

உடை மாற்றும் அறையில் கெல்லன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"உசுரக் காப்பாத்துனடா. ஆனா எதுக்கு ரெண்டு விதமா கத்துன?"

"ஒண்ணுதானே கத்துனேன்."

"இல்லடா. நீ முன்னாடியிருந்து 'மேன் ஆன்'னு கத்துன. அதுக்கும் முன்னாடியே என் காதுகிட்ட 'முதுகு, முதுகு'ன்னு கேட்டுச்சே. அது யாரு?"

ஈர ஜெர்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த டெனிஸிடம் நேரே போய் நின்றேன்.

"டெனிஸ், 'செல்க்கா'ங்கிற வார்த்தைய இங்க எப்பவாவது கேட்டிருக்கீங்களா?"

அவர் கையிலிருந்த ஜெர்சிகள் கீழே விழுந்தன. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பதினோரு வருஷம் ஆச்சு. உன் ஊர்க்காரன்தான் ஒருத்தன், கோலுக்கு நின்னான். வந்து ரெண்டு வாரம்கூட ஆகல. லாயிட்னு எங்க ஊர்ப் பையன் வலைக்குப் பின்னாடி பக் எடுக்கப் போனான். இவன் அந்த வார்த்தையக் கத்துனான். லாயிட் என்னன்னு கேக்கத் திரும்புனான்... கழுத்து போயிடுச்சு."

"உடனேயா?"

"இல்லப்பா. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பதினாலு நிமிஷம் உசுரு இருந்துச்சு. நான்தான் தலையப் பிடிச்சிட்டு இருந்தேன். வலிக்குதுன்னு சொல்லல. அம்மாவக் கூப்பிடல. 'என்ன சொன்னான், என்ன சொன்னான்'னு அந்த வார்த்தையவே கேட்டுக்கிட்டு இருந்தான். எங்க யாருக்கும் அர்த்தம் தெரியல."

"அந்தக் கோல்கீப்பர்?"

டெனிஸ் நாங்கள் நின்ற அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அந்தப் பதினாலு நிமிஷமும் உள்ள தாழ்ப்பாப் போட்டுக்கிட்டு இங்கதான் உக்காந்திருந்தான். பசங்க அர்த்தம் கேக்கக் கதவத் தட்டித் தட்டிப் பார்த்தாங்க. தொறக்கவே இல்ல."