ஒரு தடவை சொன்னால் போதும் என்றேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற ஊரில் ஒரு பொது மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடிப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கோல சிலாங்கூரிலிருந்து நானே காரை ஓட்டிக்கொண்டு போவேன். கோயில் திருவிழா, தோட்டத்துத் திடல் என்று இருபத்தைந்து வருடம் மேடை ஏறியவள் நான். நடிப்பில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு அப்போது நிறையவே இருந்தது.

வகுப்புக்கு வந்தவர்களில் ஒரு அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். ரவாங்கில் தொழிற்சாலை வேலை. மேடைக்கெல்லாம் வரமாட்டேன், ஒரே ஒரு காட்சி மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்றார். காட்சியை அவரே பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார். சமையலறையில் வெங்காயம் உரிக்கும் தாய், வெளியூருக்குப் படிக்கப் போகும் மகளிடம், ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டார்கள், எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மேடை வேண்டாம் என்பது கூச்சம்தான், ஏதோ மாதர் விழாவுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சொந்தமாக எழுதுகிறாரே என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் நடிப்பு வரவே இல்லை. "ஒன்னும் இல்லடி, ஒன்னுமே இல்ல லா, டாக்டரே சொல்லிட்டாரு ஒன்னும் இல்லன்னு" என்று கொட்டித் தீர்ப்பார். நானும் விடவில்லை. ஒன்றும் இல்லாதவள் இத்தனை முறை சொல்லமாட்டாள். ஒரு தடவை சொன்னால் போதும், உடனே வேறு பேச்சுக்குத் தாவுங்கள், குழம்பில் உப்பு சரியா என்று கேளுங்கள் என்றேன். நான்காவது ஞாயிறு அத்தனை இயல்பாகச் சொன்னார். நான் கைதட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் இல்லாமலேயே கண்ணீர் வருகிறதே என்று கேலி வேறு செய்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அவருடைய மகள் வந்தாள். கடல் தாண்டி சபா மாநிலத்தில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, பத்து நாளில் விமானம் ஏற வேண்டும் என்றாள். "டீச்சர், அம்மாவுக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கா? உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. விளங்கிய பிறகுதான் குழப்பமே ஆரம்பித்தது. உண்மையைச் சொன்னால் அந்தத் தாய் நான்கு வாரம் பட்ட சிரமம் வீண், இவள் படிப்பும் நின்றுபோகும். மறைத்தால், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? யோசித்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "அம்மாவுக்கு ஒன்னும் இல்லம்மா. சபாவுக்குத் துணிமணியெல்லாம் வாங்கிட்டியா?"

"எங்கம்மா எதையும் மூணு தடவ சொல்லுவாங்க டீச்சர். கதவ பூட்டுன்னு சொன்னாகூட மூணு தடவதான். இத மட்டும் ஒரு தடவ சொல்லிட்டு, உப்பு சரியான்னு கேட்டாங்க. இப்ப நீங்களும் அதே மாதிரிதான் பேசுறீங்க" என்றாள்.

எனக்குக் கூசிப்போய்விட்டது. மேடையில் வசனம் மறந்து விழித்ததுண்டு, அன்று நின்றதுபோல் ஒருநாளும் நின்றதில்லை. அவள் அம்மா என்னிடம் பயிற்சி செய்த காட்சியை மறைக்காமல் சொன்னேன். அவள் அழவில்லை. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள். படிப்பை ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டு, தாயோடு சிகிச்சைக்குப் போய்வருகிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த அம்மா வகுப்புக்குத் திரும்பவே இல்லை. நான் காப்பாற்றினேனா, காட்டிக்கொடுத்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

போன மாதம் சந்தையில் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார், தலையில் துணி கட்டியிருந்தார். மகள் இப்போது சபாவில் படிக்கிறாளாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாயிட்டேன் டீச்சர், நல்லாவே ஆயிட்டேன், ஒன்னும் இல்ல லா" என்றார்.

மூன்று முறை. அது அவருடைய பழைய வழக்கமா, அல்லது ஒரே தடவை சொன்னதால்தான் மாட்டிக்கொண்டோம் என்று மகளிடமிருந்து தெரிந்துகொண்டு இந்த முறை சரியாக நடித்தாரா? இருபத்தைந்து வருட அனுபவத்தை வைத்துக்கொண்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் நான் திருத்துவதற்கு முன், இதை யாரிடம் சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.