நூற்றில் நாற்பத்தைந்தைக் காணோம்

என் மருமகள் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறாள். பதினோரு வருடமாக இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேனே தவிர, அந்தச் சர்வர் என்ன சாப்பிடும், எப்போது தூங்கும் என்று எனக்குத் தெரியாது. பீரோ மாதிரி நிற்கும், ஓயாமல் இரையும். வருகிறவர் போகிறவர் எக்ஸ்ரே படமெல்லாம் அதன் வயிற்றுக்குள் இருக்கும். எனக்கு அவ்வளவு போதும்.

அவளுக்கு ஒன்று குறைந்தால் சோறு இறங்காது. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், ஒரு ஸ்பூனைக் காணோம் என்று அடுப்பையே நகர்த்தியவள். ஸ்பூன் என் மகன் சட்டைப் பையில் இருந்தது. ஏன் இருந்தது என்று அவனுக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் தெளியவில்லை அவனுக்கு.

முன்பு வேலை பார்த்த இடத்தில், மேலே இருந்தவர் சொன்னார் என்று பழைய படங்களை அழித்துவிட்டாள். பிறகு ஒரு லாரி ஓட்டுநர், அதே தொடை மறுபடி உடைந்து வந்து சேர்ந்தார். உள்ளே வைத்த கம்பி எந்த மாதிரி என்று பார்க்கப் பழைய படத்தைக் கேட்டார்கள். இல்லை. அறுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அன்று வீட்டுக்கு வந்தவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் ஓடியது. தண்ணீர் வீணாகிறது என்று நான் கத்தினேன். அது என் குணம், விடுங்கள்.

போன புதன்கிழமை முழங்காலைக் காட்ட அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். போனால் சர்வர் அறையில்தான் உட்காருவேன். கைப்பிடி வைத்த நாற்காலி அங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு எக்ஸ்ரே எடுக்கும் பெண் ஓடிவந்தாள். எடுத்த படம் உள்ளே ஏற மாட்டேன் என்கிறதாம், இடமே இல்லையாம். வெளியே கையும் காலும் வீங்கிய கூட்டம். அவள் பின்னாலேயே தலைமை டாக்டர்.

"ஏழு வருஷத்துக்கு முந்தினதை எல்லாம் தூக்கிடு. ஆறின எலும்புக்கு எதுக்கும்மா படம்?"

"ஆறின எலும்பும் உடையும் சார். ரெண்டு மணி வரைக்கும் விடுங்க."

"ரெண்டு மணி. அப்புறம் நானே உக்காந்து அழிச்சிடுவேன்."

தன் அறை ஏசியைப் போடவே ஆள் கூப்பிடுகிற மனுஷர். அவர் உட்கார்ந்தால் எது போகும், எது மிஞ்சும்?

மருமகள் தேட ஆரம்பித்தாள். நூறு பங்கு இடமும் நிரம்பிவிட்டது என்று சர்வர் சொல்கிறது. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு அறையாகத் திறந்து எண்ணிக் கூட்டினால் ஐம்பத்தைந்துதான் வருகிறது. மறுபடி எண்ணினாள். அதே ஐம்பத்தைந்து. மீதி நாற்பத்தைந்து எங்கே போனது? ஒன்றை அழித்த பிறகும், சர்வரில் ஓடும் ஏதாவது ஒரு வேலை அதன் இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்குமாம். ஓடிக்கொண்டிருந்ததை எல்லாம் நிறுத்தி மறுபடி கிளப்பினாள். ஒரே ஒரு பங்கு திரும்பி வந்தது. அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மணி ஒன்று. நான் பிஸ்கட் நீட்டினேன். வாங்கவில்லை.

சர்வருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை மதியம், எல்லாப் படத்துக்கும் ஒரு நகல் தானாக அதில் போய் விழும். சர்வருக்குள் அந்தப் பெட்டிக்கென்று ஒரு காலி இடம் வைத்திருக்கிறார்கள். பெட்டியைச் செருகினால் அந்த இடத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்துவிட்டால் அடியில் என்ன கிடக்கிறது என்று எவருக்கும் தெரியாது. மருமகள் நகத்தைக் கடித்தபடி பெட்டியையே பார்த்தாள். பிறகு அதை முறையாகக் கழற்றி வைத்துவிட்டு, அந்தக் காலி இடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

மீதி நாற்பத்து நாலும் அங்கே கிடந்தது, மூட்டை மூட்டையாக. எல்லாம் சனிக்கிழமை ஒரு மணிக்கு விழுந்தவை. அந்த நேரத்தில் பெட்டி இல்லாததால் நகலெல்லாம் சர்வர் வயிற்றுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. அப்புறம் பெட்டி திரும்பி வந்து அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

"சனிக்கிழமை பெட்டியோட பிளக்கை யார் பிடுங்கினா?" என்றாள், தனக்குத்தானே. பிறகு நாற்காலியை மெதுவாகத் திருப்பினாள். "அத்தை. சனிக்கிழமை நீங்க இங்கதான இருந்தீங்க?"

நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டேன்.

"முட்டிக்கு வெப்பீங்களே, கரண்ட்ல சூடாகுமே, அந்தப் பை. அதை எங்க சொருகினீங்க?"

"அந்தப் பொட்டி சும்மாதான இருந்துச்சு. ரெண்டு மணி நேரம்தான் வெச்சேன். திருப்பி ஒழுங்கா சொருகிட்டுத்தான் போனேன்."

"அதான் அத்தை பிரச்சினையே."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை. அந்த வார நகல் வேறெங்கும் கிடையாதாம்; முதலில் அதைப் பெட்டிக்குள் ஏற்ற வேண்டும், சரியாக ஏறியதா என்று பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் அடியில் கிடப்பதை அழிக்கலாம். திரையில் ஒரு கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கோடு முடிந்தது. சரிபார்த்தாள். அழித்தாள். வெளியே எக்ஸ்ரே எடுக்கும் பெண் அடுத்த ஆளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

தலைமை டாக்டர் வந்தார். "அழிச்சாச்சா?"

"அழிச்சாச்சு சார். பழசு எதையும் தொடல. சனிக்கிழமை பிளக் கழண்டிருக்கு, நகல் தப்பான இடத்துல விழுந்துடுச்சு."

"பிளக் எப்படிக் கழலும்?"

"லூசா இருந்திருக்கும் சார்."

என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். ஸ்பூனுக்கு அடுப்பை நகர்த்தியவள்! எனக்குப் பொறுக்கவில்லை. "அது ஒண்ணும் தானா கழண்டுக்கல. நான்தான் கழட்டினேன். ஒத்த பிளக் பாயிண்டை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி நடத்துறீங்க, முட்டி வலிக்குறவ எங்க போவா?"

"அதுல கழட்டாதீங்கன்னு எழுதி ஒட்டியிருக்கே, பாட்டி."

"எழுதியிருக்குன்னு தெரியும். என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. படிக்கிறவங்களுக்கு மட்டும்தான் முட்டி வலிக்குமா?"

அவர் மருமகளைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். "எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அங்கே நாலு பிளக் பாயிண்ட் இருக்கிறது. என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஒன்று. பெட்டியின் பிளக்குக்கு மேல் எழுத்தைக் கிழித்துவிட்டு மருமகளே ஒரு படம் வரைந்து ஒட்டியிருக்கிறாள்: கொண்டை போட்ட ஒரு கிழவி, அவள் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. படிக்கத் தெரியாதவளுக்கும் புரிகிறது. ஆனால் எனக்கு அவ்வளவு பெரிய மூக்கு கிடையாது.