ஒருவர் வந்தாலும் கிளம்பும் ஓடம்

வியாழக்கிழமை விடியற்காலையில் கொள்ளிடத்தின் வடகரையில், நாங்கள் பூத்துறை என்று சொல்லும் இடத்தில், வக்கீல் சம்பத் ஐயங்கார் நிற்கவில்லை. ஓடக்காரர் மாரிமுத்து கோலைக் கையில் பிடித்துக்கொண்டு கரை மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயாவைக் காணலீங்களே, டீச்சரம்மா."

"உடம்புக்கு முடியாம இருக்கும். நீங்க தள்ளுங்க" என்றேன்.

ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கூடம் விட்டு மாலையில் தென்கரைக்கு வந்தபோது, மாரிமுத்து ஓடத்தைவிட்டு இறங்கி மணலில் நின்றார். எப்போதும் தலையில் இருக்கும் துண்டு கையில் இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. நண்பகலில் காலமானாராம். அன்று இரவுக்குள் கொள்ளிடக் கரையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அவரை அறியாதவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது எல்லோரையும் புன்சிரிப்பும் கனிவும் நிறைந்தவர்களாக ஆக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சம்பத் ஐயங்கார் அப்படிப்பட்டவர் அல்லர். முன்கோபி. எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை அவரால் பொறுத்திருக்க முடியாது. திருச்சி கோர்ட்டில் நல்ல பெயர் இருந்தது. எங்கள் ஊரில் அவரைப் பிடித்தவர்கள் குறைவு. ஆனால் அவர் தூக்கிச் சுமந்ததைப் போன்ற ஒன்றை வேறு எவரும் சுமந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் துறையில் ஓடும் ஓடம் தர்ம ஓடம். முன்னொரு காலத்தில் ஒரு வியாபாரி எழுதிவைத்த நிலத்தின் வருமானத்தில் அது ஓடியது. பாலம் கிழக்கே வெகு தூரத்தில் இருப்பதால், ஸ்ரீரங்கத்தில் வேலை உள்ளவர்கள் எல்லோரும் இதில்தான் போய் வருவோம். முக்கியமாகப் பூக்காரப் பெண்கள். வடகரைத் தோட்டங்களில் இருட்டிலேயே பறித்த பூவைக் காலைத் திருவாராதனத்துக்கு முன் அவர்கள் கோயிலில் சேர்த்தாக வேண்டும். காலையில் ஒரு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறவள் ஆகையால், நானும் அவர்களோடுதான் போவேன்.

ஒருநாள் நட்டாற்றில் ஓடத்தின் அடிப்பலகை பிளந்துவிட்டது. கையில் அகப்பட்ட செம்பு, தூக்கு எல்லாவற்றாலும் தண்ணீரை இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தோம். தர்மக் கமிட்டியின் காரியதரிசியாக இருந்த சம்பத் ஐயங்கார் அந்த வாரமே துறை மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். நில வருமானம் ஓடக்காரர் கூலிக்கே போதவில்லை, பலகை மாற்ற வழியில்லை, ஆகவே கட்டணம் வைத்துக் குத்தகைக்கு விடுவோம் என்றார்.

மளிகைக் கடைக்காரர் ஒருவர் எழுந்தார். "தர்மத்துக்குக் காசு வாங்குனா அது என்னங்க தர்மம்?"

"ஓட்டை ஓடத்துல ஏத்தி ஆத்துல விடறது தர்மமா? பதில் சொல்லும் ஓய்!" என்று ஐயங்கார் சீறினார்.

நானும் கேட்டேன். "காசு இல்லாதவங்க என்ன செய்வாங்க?"

அவர் என் பக்கம் திரும்பினார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல முகம் மலர்ந்தது. "இல்லைன்னு வாயால சொன்னாப் போதும், ஏத்திண்டு போகணும்னு குத்தகைப் பத்திரத்துலேயே எழுதியிருக்கேன், டீச்சரம்மா. குழந்தைகளுக்குக் கிடையாது. கர்ப்பிணிகளுக்குக் கிடையாது. மத்தவாளுக்குக் காலணா. இதுல யாருக்கு என்ன கஷ்டம் வரும், சொல்லுங்கோ."

எதிர்த்தவர்கள் அத்தனைபேரும் ஏழைகளைப் பற்றித்தான் பேசினார்கள்; ஏழைகளுக்கு அவர் ஏற்கெனவே வழி செய்திருந்தார். தீர்மானம் நிறைவேறியது. புது ஓடம் வந்தது. தார் பூசிய அதன் பக்கத்தில் கைவைத்து அவர் தட்டிப் பார்த்து நின்றது இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. அவரை நான் சந்தோஷமாகப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

காலணா யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. ஆனால் வேறொன்று மாறிவிட்டது. தர்ம ஓடமாக இருந்தபோது யாராவது வந்து ஏறினால் மாரிமுத்து தள்ளிவிடுவார். ஓடம் நிறைந்திருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. குத்தகை வந்த பிறகு ஓடம் நிறைந்தால்தான் கிளம்பும். அதில் அக்கிரமம் என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. காசு போட்டவர் காசைப் பார்ப்பார். நாங்கள் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பூக்காரப் பெண்கள் கூடைமேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை. ஆற்றில் தண்ணீர் அதிகம் இல்லை. துறைக்கு மேற்கே மணல் ஏறிய பக்கத்தில் இடுப்பளவுக்கு ஓடியது. நானும் பூக்காரப் பெண்கள் நாலு பேரும் ஓடத்தில் உட்கார்ந்திருந்தோம். கிழக்கு வெளுக்க ஆரம்பித்துவிட்டது. அவர்களில் மூத்தவளான செல்லாயி மாரிமுத்துவைப் பார்த்து, "கிளம்புங்க, பூ வாடுது" என்றாள்.

"நான் என்ன செய்யட்டும் தாயி? பாதி ஓடமா வந்தா குத்தகைக்காரர் என் கூலியப் புடிச்சுக்கிடுவாரு. இன்னும் கொஞ்சம் பேரு வரட்டும்."

மறுபடியும் சொன்னாள். மறுபடியும் அதே பதில். செல்லாயி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். அவள் தங்கையும் மற்ற இருவரும் பின்னால் இறங்கினார்கள். அந்த இடத்தில் எத்தனையோ தடவை நடந்து கடந்தவர்கள்தாம். மேற்கே முக்கொம்பு அணையில் ஷட்டர்களைத் திறந்துவிட்டார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பாதி ஆற்றில் அவர்கள் இருக்கும்போது தண்ணீரின் நிறம் மாறியது. மாரிமுத்து ஒருவருக்காகவும் காத்திராமல் ஓடத்தைத் தள்ளினார். நானும் அதில்தான் இருந்தேன். செல்லாயியின் கூந்தலைப் பிடித்து இழுத்து ஏற்றினோம். மற்றவர்களை எட்ட முடியவில்லை. கூடைகள் மட்டும் கொஞ்ச தூரம் மிதந்தன.

மத்தியானத்துக்குள் மூன்று உடல்களும் கீழே மணலில் ஒதுங்கிவிட்டன. சம்பத் ஐயங்கார் கோர்ட்டுக்குப் போன கறுப்புக் கோட்டோடேயே ஓடி வந்தார். கூட்டத்தில் யாரோ, "காலணாவ மிச்சம் புடிக்கப் போயி உசுர விட்டுட்டாளுவ" என்றார்கள். செல்லாயி தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பேச்சைக் கேட்டதும் தங்கையின் முந்தானையை இழுத்து, நனைந்து இறுகிப்போயிருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே காலணா இருந்தது. மற்ற இருவரின் முந்தானையிலும் இருந்தது. அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை, வக்கீலைத்தான் பார்த்தாள்.

"காசு இருந்துச்சுங்க. ஓடந்தான் கிளம்பல."

அதற்குப்பின் அவள் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

அந்த வாரமே அவர் குத்தகையை ரத்து செய்தார். ஓடம் மறுபடி தர்ம ஓடம் ஆயிற்று. அதற்குப் பொருள் வேண்டுமே; ஸ்ரீரங்கத்திலும் திருச்சி பெரிய கடைத்தெருவிலும் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். வக்கீல் ஐயங்கார் வருகிறார் என்றால் கதவை ஒருக்களிப்பவர்கள் உண்டு. "செத்தவங்க பேரச் சொல்லி வசூலா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர்களும் உண்டு. அந்த முன்கோபிக்கு அப்போது மட்டும் கோபம் வரவில்லை. "ஆமாம், அவா பேரைச் சொல்லித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போவார்.

அன்றுமுதல் தினமும் விடியுமுன்னே துறையில் வந்து நிற்பார். மழையானால் குடை, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. யாராவது ஒருவர் ஏறியதும், "மாரிமுத்து, ஒருத்தர் வந்தாச்சு" என்பார். ஓடம் கிளம்பும். வேறு பேச்சு கிடையாது. சில நாள் அந்த ஒருத்தர் செல்லாயியாக இருப்பாள். அவர் நிற்கும் பக்கம் அவள் முகம் திரும்பாது. அவரும் அதை எதிர்பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. பெருமாளைச் சேவிக்கப் போவதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் பூமாலைப் பிரசாதம் கொடுத்தால் மட்டும் கை நீட்டமாட்டார் என்று கோயிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். ஒரு கூட்டத்தில் யாரோ அவரைத் தர்மவான் என்று புகழ்ந்தபோது, செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார். அவரைப் போகவிட்டு ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். எனக்கு அவர்களை அறையவேண்டும் போலிருந்தது.

இப்போது சண்டைக் காலம். மரமும் தாரும் விலை கேட்கவே முடியவில்லை. நன்கொடை கொடுத்த கடைகளும் கையை விரிக்கின்றன. மறுபடியும் கட்டணம் வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு எழுந்திருக்கிறது. அந்தக் கமிட்டியில் இப்போது நானும் ஓர் அங்கத்தினர். போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். படுக்கையில் இருந்தார். அன்றும் விடியற்காலையில் துறைக்குப் போய்விட்டு வந்துதான் படுத்திருந்தார்.

"காசு வாங்கறது பாபம்னு நான் சொல்லவேமாட்டேன்" என்றார். மூச்சு வாங்கியது. "வாங்கட்டும். ஆனா ஒருத்தர் வந்தாலும் ஓடம் கிளம்பணும்னு பத்திரத்துல எழுதச் சொல்லுங்கோ."

"அப்படி எழுதினா யார் குத்தகைக்கு வருவாங்க?"

"ஒருத்தனும் வரமாட்டான். அதனாலதான் டீச்சரம்மா, அது ஓசி ஓடமா இருக்கணும்." தலையணையில் சாய்ந்துகொண்டார். "அன்னிக்கு மண்டபத்துல எல்லாத்தையும் யோசிச்சேன். காத்திண்டிருக்க முடியாதவா உண்டுங்கறது மட்டும் என் புத்திக்கு எட்டலை."

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அது. வருகிற கூட்டத்தில் இதை அப்படியே சொல்வேன். எடுபடுமா, தெரியாது. விலைவாசியைச் சொன்னால் எல்லோருக்கும் உடனே புரிகிறது. இது அவ்வளவு சுலபமாகப் புரிவதில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை விடியற்காலையில் துறைக்கு வந்தேன். அவர் நிற்கும் இடத்தில் அவர் மகன் நின்றுகொண்டிருந்தார். கையில், வெள்ளைத் துணியால் வாய் கட்டிய மண்கலசத்தில் அஸ்தி. பக்கத்தில் சாஸ்திரிகள். நட்டாற்றில் கொண்டுபோய்க் கரைக்க வேண்டும். வெளியூரிலிருந்து அவர் சித்தப்பாவின் வண்டி இன்னும் வந்து சேரவில்லையாம். அதே நேரத்தில் செல்லாயி பூக்கூடையோடு மேட்டிலிருந்து இறங்கி வந்து ஓடத்தில் ஏறிவிட்டாள்.

சாஸ்திரிகள் பதறினார். "பெருமாள் புஷ்பம் இருக்கிற ஓடத்துல இதை ஏத்தப்படாது. இறங்கச் சொல்லுங்கோ."

"சித்தப்பா இப்ப வந்துடுவார். அப்பா காரியம் ஆன உடனே நீங்க போகலாம்மா" என்று மகன் செல்லாயியிடம் தணிவாகவே சொன்னார். அழுது அழுது அவர் கண்கள் வீங்கியிருந்தன. கரையில் நின்ற எல்லோரும் தலையாட்டினோம். நானுந்தான் ஆட்டினேன். இன்றைக்கு ஒருநாள் காத்திருந்தால் என்ன, அந்த மனிதருக்காக.

செல்லாயி இறங்கவில்லை. கூடைமேல் கிடந்த ஈரத்துணியைச் சரிசெய்தாள். பிறகு கலசத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அவள் முகம் திரும்பி நான் பார்த்தது அப்போதுதான்.

"கிளம்புங்க, பூ வாடுது" என்றாள்.

மாரிமுத்து கோலைப் பிடித்தபடியே நின்றார். கையில் இருந்த கலசத்தை மகன் பார்த்தார். ஒவ்வொரு நாள் காலையிலும் அப்பா வீட்டைவிட்டுக் கிளம்பிப் போனது எதற்கு என்பது அவருக்கும் தெரியுமல்லவா. இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"மாரிமுத்து, ஒருத்தர் வந்தாச்சு" என்றார்.

ஓடம் கிளம்பியது. நானும் ஏறிக்கொண்டேன். தண்ணீரின் நடுவிலிருந்து திரும்பிப் பார்த்தபோது கலசத்தோடு அவர் மணலில் நின்றது தெரிந்தது. வண்டி இன்னும் வந்தபாடில்லை. எதிரே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள்மேல் வெளிச்சம் விழத் தொடங்கியிருந்தது. செல்லாயி அழுதாளா என்று கேட்காதீர்கள்; நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என் கண்ணையே நீர் மறைத்திருந்தது.

ஐயா, போய் வாருங்கள். நேற்று உங்களுக்காகவும் ஓடம் நிற்கவில்லை. கரையில் காத்திருந்தவர் நீங்கள். பூ நேரத்துக்குக் கோயில் போய்ச் சேர்ந்துவிட்டது.